மேஜைப் பூ பார்த்த பக்கம்

செம்மாம்பாளையத்தில் பூவெல்லாம் ருக்குமணியைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் பிரவீணாவின் கல்யாண ரிசப்ஷனுக்கு மேஜைக்கு மேஜை என்ன பூ வைப்பது என்று தாயும் மகளும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் அந்த ஊர்க் கல்யாண வீடு எதிலும் ஒரு மனுஷரும் அவளைத் திரும்பிப் பார்த்தது கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு நான் மறைத்துவிட்டதாக யாரும் பேசக் கூடாது.

ருக்குமணி பால் சங்கத்தில் பால் அளப்பவள். புருஷன் கிணற்று மோட்டார் ரூமில் கரண்ட் அடித்துப் போனபோது பிரவீணாவுக்கு ஐந்து வயது, இவளுக்கு இருபத்தேழு. அன்றைக்கு அந்தச் சங்கத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள்தான். காலை ஐந்தரைக்கு ஊரே தூக்குப்போசியோடு வந்து அவள் மூஞ்சியில்தான் முழிக்கும், அவள் மீட்டரை விட்டுப் பார்த்து "நல்ல பாலுங்" என்று சொன்னால்தான் ஊருக்குப் பொழுது விடியும், அதற்கு ஒரு சகுனமும் குறுக்கே வந்ததில்லை. ஆனால் ஒரு கல்யாணம் என்று வந்துவிட்டால் பத்திரிகையை அதே ஜன்னல் வழியாக நீட்டி, வந்துருங் என்று வாயால் சொல்லி, வந்துடாதே என்று கண்ணால் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் அளந்த பாலில் பாயசம் வைக்கலாமாம், அவள் மட்டும் பந்தலுக்குள் வரக் கூடாதாம். என்ன நியாயமோ, போங்கள்.

பிரவீணாவுக்குக் கோயமுத்தூரில் வேலை. கூட வேலை பார்க்கும் கோகுலைப் பிடித்துப்போய், இரண்டு வீடும் பேசி, கார்த்திகையில் முகூர்த்தம் குறித்தாயிற்று. குறித்த கையோடு, பெரியப்பா துரைசாமியும் பெரியம்மா வசந்தாமணியும் பெற்றவர்கள் இடத்தில் நின்று சீரெல்லாம் செய்வதென்று, யாரும் யாரையும் கேட்காமலே முடிவாயிற்று. மகள்தான் குதித்தாள்.

"பெத்தது நீ, வளத்தது நீ. மணையில அவங்க வந்து உக்காருவாங்களா?"

"வுடு கண்ணு. ஊரு வழக்கம்."

"சரி, காலைல சீரு அவங்களே செய்யட்டும். சாயங்காலம் ரிசப்ஷன் சீர் இல்லியே? அதுக்கு நல்ல நேரமும் இல்ல, மந்திரமும் இல்ல. மேடைல நீ என்ற பக்கத்துல நிக்கோணும். நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ எடுக்கறோம். பெருசாப் போட்டு வூட்டுல மாட்டறோம். இது சத்தியம்மா."

ஒரு போட்டோ. கேட்கிறவர்களுக்கு இது என்ன பிரமாதம் என்று இருக்கும். பிரவீணாவுக்குக் காது குத்தியபோது எடுத்த படத்துக்கு அப்புறம் தாயும் மகளும் சேர்ந்து நின்ற படம் என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. எந்த விசேஷத்திலும் கேமரா தூக்கப்படும்போது ருக்குமணி தானாக நகர்ந்துவிடுவாள், நகர்ந்துக்கோ என்று சொல்ல வேண்டிய சிரமத்தைக்கூட அவள் ஊருக்குக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு மகள் சொன்ன அந்த ஒரு போட்டோ நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பால் அளக்கும்போதும் அதுதான் நினைப்பு. அந்தப் படத்துக்கு மாம்பழ மஞ்சள் கட்டலாமா, மயில்கழுத்துப் பச்சை கட்டலாமா என்று மனசுக்குள் நாலு தரம் கட்டி நாலு தரம் அவிழ்த்து, கடைசியில் மஞ்சள் என்று முடிவு செய்தாள்.

அதோடு பிரவீணா இன்னொன்றும் யோசித்தாள். கல்யாணத்தில் அம்மா கையால் ஒரு வேலையாவது நடக்க வேண்டும். இப்போதெல்லாம் மேடைக்கு முன்னால் வட்ட மேஜை போட்டு உட்கார வைக்கிறார்களே, அந்த மேஜை நடுவில் வைக்கும் பூவை வெளியாளிடம் விடாமல் நாமே செய்துவிடலாம் என்றாள். வசந்தாமணியிடம் உத்தரவு கேட்க வேண்டுமே, கேட்டார்கள். வசந்தாமணி வெற்றிலையை மென்றபடி ரொம்ப நேரம் யோசித்தாள்.

"மேஜைப் பூ சாமிக்கும் போறதில்ல, தலைக்கும் போறதில்ல. சாப்புடற மேஜைல சும்மா நிக்கிறதுதானே? அத ருக்கு தொட்டா ஒண்ணும் ஆவாது. செய்யட்டும்."

இப்படியாக ருக்குமணியின் பங்குக்கு வந்து சேர்ந்ததுதான் மேஜைப் பூ.

சங்கத்துப் பின்கட்டில் பழைய கண்ணாடி சாம்பிள் பாட்டில் இருநூறு கிடந்தது. பிளாஸ்டிக் வந்த பிறகு யாரும் சீந்தாதது. ருக்குமணி அதை எடுத்து வந்து, பால் வாடை போக வெந்நீரில் போட்டுக் கழுவி, மூன்று மூன்றாகச் சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினாள். முப்பத்திரண்டு மேஜைக்குத் தொண்ணூற்றாறு பாட்டில். பிரவீணா செல்போனைத் திறந்து, எங்கேயோ பனி பெய்கிற தேசத்துக் கல்யாணத்தில் வைத்திருந்த ஊதாக் கொத்துகளைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றாள். அந்தப் பூ நம்ம வெயிலுக்கு மண்டபம் வந்து சேருவதற்குள் செத்துப்போகும் கண்ணு என்றாள் தாய். சம்பங்கி வைக்கலாம் என்றால், அது எழவு வீட்டுப் பூ என்று வசந்தாமணி போனிலேயே அலறினாள். செண்டுமல்லி பாடைக்குப் போகிறது, அரளி ஆகவே ஆகாது, மல்லிகையும் முல்லையும் தலைக்குப் போகிற பூ, அதை ருக்கு தொடக் கூடாது, தாமரை சாமிக்கு, ரோஜா மாலைக்கு. யோசித்துப் பார்த்தால், சாமிக்கும் போகாமல் தலைக்கும் போகாமல் பிணத்துக்கும் போகாமல் இந்த மண்ணில் ஒரு பூ பூப்பதாகவே தெரியவில்லை. கடைசியில், சங்கத்து வேலியோரம் தானாக முளைத்து, யாரும் பறிக்காமல், யாரும் பேர்கூட வைக்காமல் விட்ட ஒரு மஞ்சள் பூ இருந்தது. அதை ஒரு கைப்பிடி ஒடித்து வந்து, மூன்று பாட்டிலில் வைத்து, ஒத்திகை பார்க்கக் கூடத்து மேஜையில் நிறுத்தினாள். பேர் இல்லாத பூவுக்கு வசந்தாமணியாலும் குற்றம் சொல்ல முடியவில்லை.

வைத்துவிட்டு அடுப்பில் ரசம் பொங்குகிறதே என்று சமையல்கட்டுக்குப் போனாள். பூவெல்லாம் சமையல்கட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. திரும்பி வந்தாள், பூவும் கூடவே திரும்பின. வாசலுக்குப் போனால் வாசலை, கிணற்றடிக்குப் போனால் ஜன்னல் வழியாகக் கிணற்றடியை.

"என்னங்கடா, வேலை வெட்டி இல்லியா?" என்று அதுகளைக் கேட்டுவிட்டு அவள் துணி துவைக்கக் கிளம்பினாள்.

பிரவீணாவோ கை தட்டிச் சிரித்தாள். "அம்மா, அப்படியே நில்லு, அசையாத" என்று சொல்லி, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று செல்போனில் படம் எடுத்தாள். அத்தனை பூவும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்த மாதிரி விழுந்தது. "எவ்வளவு அழகா இருக்கு பாரும்மா!" என்றாள். அழகாகத்தான் இருந்தது.

மேஜைப் பூவோடு நின்றிருந்தால் சரி. ஒரு வாரத்துக்குள், கூப்பிடு தூரத்தில் இருந்த எல்லாப் பூவுக்கும் அது தொற்றிக்கொண்டது. காலையில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும் பெண்கள் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் ஜன்னலைப் பார்க்கத் திரும்பும், பின்னந்தலையில் இருப்பது காதைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். அவர்கள் ரெண்டு நாள் கத்திப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் இரண்டு ஹேர்பின் கூடுதலாகக் குத்திக்கொண்டு வந்தார்கள், நான்காம் நாள் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளியின் தாவரவியல் வாத்தியார் வந்து பார்த்து, இது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் பாலை ஊற்றிவிட்டுப் போனார். ருக்குமணி கும்பிட வந்தால் பிள்ளையார் கழுத்து மாலை அவளைப் பார்த்துச் சாமிக்கே முதுகைக் காட்டுகிறது என்று பூசாரி சங்கடப்பட்டார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "அம்முணி, நீங்க முன்னால வராண்டாம். கருவறைக்குப் பின்னால பிரகாரத்துல நின்னு கும்புட்டுக்கோங்க. பூவு சாமியப் பாத்தாப்பலயும் ஆச்சு, உங்களப் பாத்தாப்பலயும் ஆச்சு" என்றார். அவளும் சாமியின் பின்பக்கத்துச் சுவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அதிசயத்தைக் கண்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. அதை எங்கே நிறுத்தி வைப்பது என்பதுதான் ஊருக்குக் கவலை.

அந்தக் கவலையைத் தீர்த்தவர் போட்டோக்காரர் ஜெகதீசன். முப்பது வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். மாலை புரண்டு நார் தெரிவதும், மேடைப் பூ தலையைத் தொங்கப் போட்டு நிற்பதும் அவருடைய தீராத வயிற்றெரிச்சல். ஒருநாள் காலையில் மனைவியோடு பால் ஊற்ற வந்தவர், அவள் தலைப் பூ ஜன்னலைப் பார்த்துத் திரும்புவதைக் கண்ணால் கண்டார். கண்டவர் போசியைக்கூட வாங்காமல் கேட்டார்.

"அக்கா, நாளன்னிக்கு ஒரு ரிசப்ஷனுங். ஒரு மணி நேரம் என்ற கேமராவுக்குப் பின்னாடி வந்து நின்னு குடுக்கறீங்களா?"

"நானா? விசேஷ வூட்டுலயா?"

"மேடைக்கு வர வேண்டியதில்லீங். கேமராவுக்குப் பின்னாடிதான்."

போனாள். அத்தனை பூவும் கேமராவைப் பார்த்தன. படம் வந்ததைப் பார்த்து அடுத்த வீட்டார் கூப்பிட்டார்கள், அதைப் பார்த்து அதற்கடுத்த வீட்டார். இருபது வருஷமாக ஜன்னல் வழியாகப் பத்திரிகை நீட்டிய அதே ஆட்கள் இப்போது வாசல் தேடி வந்து, அக்கா கட்டாயம் வரோணும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் பதினொரு கல்யாணம். கேமராவுக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் வந்தது. வெளிர்ப் புடவை கட்டினால் வெளிச்சம் திரும்பி அடிக்கிறது என்று ஒரு கறுப்புப் போர்வையும் வந்தது. அவள் தலையைச் சொறிந்தால் பூவெல்லாம் ஆடும், அதனால் ஆடாமல் உட்காரப் பழகிக்கொண்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆரம்பத்தில் அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் காதால் மட்டும் கேட்ட கெட்டிமேளத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைத்ததே. சாப்பிட்டியா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. பந்தி முடிந்ததும் போர்வையை மடித்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழையதைக் கரைத்துக் குடித்துக்கொள்வாள்.

பிரவீணா கல்யாணமும் வந்தது. விடியக்காலையில் சீர் நடக்கும்போது ருக்குமணியைப் பந்திக் கூடத்தில் காய் நறுக்குகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். மணையில் துரைசாமியும் வசந்தாமணியும். மாலையைக் கழுத்தில் போட்டதுதான் தாமதம், மாப்பிள்ளை மாலை, பெண் மாலை, மணவறைத் தோரணம் எல்லாம் பந்திக் கூடத்துச் சுவரைப் பார்த்துப் புரண்டுகொண்டன. ஜெகதீசன் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். கூட்டத்தில் குசுகுசுப்பு. வசந்தாமணி மணையிலிருந்தபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"ருக்குவக் கூட்டிட்டு வந்து கேமராவுக்குப் பின்னால நிறுத்துங்க. அது மேடையும் இல்ல, பந்தலும் இல்ல. பரவால்ல."

அப்படித்தான் ருக்குமணி தன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தாள். பெற்றவளாக இருந்தால் வந்திருக்க முடியாது. லைட் ஸ்டாண்டு மாதிரி ஒரு சாமானாக இருந்ததால் வர முடிந்தது. அந்தக் கொடுமை அவளுக்கு உறைக்காமல் இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஒன்று இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மாம்பழ மஞ்சள் கட்டினாள். ஜெகதீசன் பார்த்துவிட்டு, "படம் எடுக்கற வரைக்கும் போர்வையப் போத்திக்குங்கக்கா" என்றார், போர்த்திக்கொண்டாள். மண்டபத்தில் முப்பத்திரண்டு மேஜையிலும் அவள் கையால் கட்டிய பாட்டில்கள், அதில் வேலியோரத்து மஞ்சள் பூ. வந்தவர்களெல்லாம் இதை யார் செய்தது, எந்த ஊரிலிருந்து வரவழைத்தது என்று கேட்டுக் கேட்டு மாய்ந்துபோனார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மேடை ஏறினார்கள், இறங்கினார்கள். அலுவலகத்துக்காரர்கள், பங்காளிகள், பெரியப்பா, பெரியம்மா, பால் ஊற்றுகிற ஊரெல்லாம் ஏறி நின்று, சிரித்து, இறங்கிப் பந்திக்குப் போனது. ருக்குமணி ஸ்டூலில் ஆடாமல் உட்கார்ந்து, மகள் கண் தன் பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வந்தது. பிரவீணா மறக்கவில்லை, அந்தப் பழியை நான் அவள்மேல் போட மாட்டேன். கையை நீட்டி, "அம்மா, வாம்மா!" என்று மேடையிலிருந்தே கூப்பிட்டாள்.

ருக்குமணி போர்வையை எடுத்து ஸ்டூல் மேல் வைத்தாள், புடவைத் தலைப்பைச் சரி செய்தாள், கூட்டத்துக்கு நடுவில் நடந்து படி ஏறி மகள் பக்கத்தில் போய் நின்றாள். மகள் அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். அந்தக் கை விழுந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போட்டோவில் அழுமூஞ்சியாக விழக் கூடாதே என்று அடக்கினாள்.

அதற்குள் பூவெல்லாம் திரும்பியாயிற்று. பின்னால் கட்டியிருந்த ரோஜாச் சுவர் மொத்தமும் பக்கவாட்டில் புரண்டு, கம்பி வலை பல்லிளித்தது. மகள் கழுத்து மாலை முறுக்கிக்கொண்டு அம்மா பக்கம் போனது, கேமராவுக்கு நாரும் ஜரிகைக் கயிறும் மட்டும் மிச்சம். தலைப் பூ காதுக்கு மேல் ஏறியது. கோகுல் தன் மாலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தான், நிற்கவில்லை.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம்... வேண்டாம், அந்தப் பக்கம்..." ஜெகதீசன் நாலு தரம் எடுத்துப் பார்த்தார். "பூவே வுழுகலீங்க. நாரும் கம்பியுந்தான் தெரியுது."

மாப்பிள்ளையின் அம்மா கீழே இருந்து என்ன தாமதம் என்று கேட்டாள். பரிசுப் பொட்டியோடு இன்னும் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஜெகதீசன் கேமராவை மேடைக்கே கொண்டுவந்து, பின்பக்கத்துச் சின்னத் திரையைப் பிரவீணாவிடம் காட்டினார். அவள் பார்த்தாள். மூன்று மாதம் செல்போனில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ரிசப்ஷன், அதில் ஒரு பூகூட இல்லை.

"அம்மா," என்றாள். தோளில் இருந்த கையை எடுத்தாள். "ரெண்டே நிமிஷம்மா. நீ கீழ போயி நின்னுக்கோ. எல்லாத்தையும் எடுத்து முடிச்சரட்டும். உன்னைய அப்பறமாக் கம்ப்யூட்டர்ல சேத்துக்கலாம். அசலாட்டவே இருக்கும்."

இந்தப் பூவையெல்லாம் பிய்த்து எறிடி, வெறும் கம்பிக்கு முன்னால் நாம் ரெண்டு பேரும் நிற்போம் என்று சொல்ல ருக்குமணிக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. போக மாட்டேன் என்று அங்கேயே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் படத்தில் நார் விழுந்திருக்கும், விழட்டுமே, யார் குடி முழுகிப்போகும் என்று நான் இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் கேட்க ஒரு வாய் இல்லை. நகர்ந்தே பழகின கால், அதுவாகப் படி இறங்கியது.

கீழே வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பூவெல்லாம் நேராக நிமிர்ந்தன. ஜெகதீசன், "சூப்பருங்கக்கா, அப்படியே இருங்க" என்றார். பிரவீணா பக்கத்து இடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று வசந்தாமணியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷம் என்றது ஒரு மணி நேரம் போனது.

பொங்கல் கழிந்து ஆல்பம் வந்தது. துரைசாமி வீட்டில் வைத்துப் பார்த்தார்கள், ருக்குமணியையும் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கம் பக்கமாகப் பூ. மேஜைப் பூ, மேடைப் பூ, மாலைப் பூ எல்லாம் சொல்லி வைத்தாற்போல ஒரே பக்கம் பார்த்தன. "ஆயிரம் சொல்லு, இப்படி ஒரு ஆல்பம் இந்த வட்டாரத்துல இல்ல" என்றார் துரைசாமி.

நடுப்பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. மகளுக்குப் பக்கத்தில் ருக்குமணி நின்றாள். தலை மட்டும் ருக்குமணி, பால் சங்கத்து அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, சிரிக்காத தலை. கழுத்துக்குக் கீழே வசந்தாமணி. அரக்குப் பட்டு வசந்தாமணியுடையது, வளையல் போட்ட கை வசந்தாமணியுடையது, நெஞ்சில் கிடந்த தாலிக்கொடியும் தோளில் வழிந்த மல்லிகைச் சரமும் வசந்தாமணியுடையவை. படத்தில் இருந்த அத்தனை பூவும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தன. மகள் பக்கத்தில் நின்ற அந்த ருக்குமணியை ஒரு பூவும் பார்க்கவில்லை.

"ஒட்டுனதே தெரியல பாரு" என்று வசந்தாமணி சந்தோஷமாகச் சொன்னாள். "என்ற சீலை உனக்கு நல்லாத்தான் இருக்குது ருக்கு."

வீட்டுக்கு வந்து சேருவதற்குள் பிரவீணாவிடமிருந்து போன் வந்துவிட்டது. குரலில் அத்தனை உற்சாகம்.

"பாத்தியாம்மா? சொன்ன மாதிரியே சேத்துட்டேன் பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு. பூவெல்லாம் நல்லா வந்துருக்குது."

"அதையே பெருசாப் போடச் சொல்லட்டுமா? வூட்டுல மாட்டிக்கலாம்."

"வேண்டாங் கண்ணு. பெரியம்மாளுக்குப் போட்டுக் குடு. ஒடம்பு அவங்களோடதுதானே."

பிரவீணா கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் சரிதாம்மா" என்றாள். "அவங்களும் ஒண்ணு கேட்டுட்டுத்தான் இருந்தாங்க."